பொலிரோவுக்கும் கேரவனுக்கும் நடுவே

இட்லி மாவு பொங்கி வழிந்த அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினோம்.

மாவு பொங்குவது அதிசயமில்லைதான். ஆனால் அது பொங்கியது ஃபிரிட்ஜுக்குள். அந்த ஃபிரிட்ஜ் இருந்தது கேரவனுக்குள். கேரவன் என்றதும் நடிகர்கள் உட்கார்ந்து பவுடர் போட்டுக்கொள்ளும் பெரிய பஸ்ஸை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பொலிரோ வண்டிக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், கை கழுவ ஒரு தொட்டி, உட்கார வசதியான ஒரு கழிப்பறை, இடுப்பு உயரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ், அவ்வளவுதான். என் மாப்பிள்ளை கலையரசன் கோயம்புத்தூரில் யாரிடமோ பழசாக வாங்கி வந்து, ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் நிறுத்தினார்.

வாங்கியது என் மகள் பிரேமலதாவுக்காக. அவளுக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, முழங்கால் நீட்டாது. பதினைந்து நாளைக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டால் மனுஷியாக நடமாடுவாள். அந்த ஊசி எப்போதும் குளிரில் இருக்க வேண்டும். போன வருஷம் ராமேஸ்வரம் போனபோது லாட்ஜ் அறை ஃபிரிட்ஜில் வைத்தார்கள். சாவி அட்டையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினால் அறை முழுக்கக் கரண்ட் போய்விடும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. திரும்பி வந்தபோது ஊசி வெதுவெதுப்பாக இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த ஊசி கைக்கு வருவதற்குள் அவள் படுத்த படுக்கையானாள். அதற்கப்புறம் அவள் ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் போனதில்லை.

அவளுக்கு ஒரே ஆசை. வேதாரண்யத்தில் தொடங்கிக் கன்னியாகுமரி வரைக்கும் கடலை விடாமல் போக வேண்டும், அலைச் சத்தத்தில் தூங்க வேண்டும். அதற்குத்தான் கேரவன். தை மாதம் கிளம்புவதாகத் திட்டம். மாப்பிள்ளை ஆபீஸில் லீவும் சொல்லி வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் ராசப்பன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டுறவு சங்கங்களில் ஆடிட் பார்த்து ரிடையர் ஆனவர். பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொன்னால்கூட எதற்குச் சொன்னார் என்று யோசிப்பார்.

“ஒரு நாள் முழுக்க வண்டி ஓடி, சாயங்காலம் அந்த ஃபிரிட்ஜு ஜில்லுனு இருக்கட்டும். அப்ப போங்க,” என்றார். “இல்லன்னா எம் பொண்ண அனுப்ப மாட்டேன்.”

“அப்பா, எனக்கு நாப்பத்தி மூணு வயசு.”

“இருந்துட்டுப் போவுது.”

பால்பண்ணைப் பக்கம் வண்டிகளுக்கு வயரிங் செய்யும் வீரமலைதான் வேலையைச் செய்தார். வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசுகிற மனிதர். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வேலை முடிந்தது என்று கூப்பிட்டார். பிரேமலதாவை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் போனோம்.

“பேட்டரிலேர்ந்து பின்னாடி வரைக்கும் தனி வயரு இழுத்திருக்கேன் சார், நல்ல மொத்தமான வயரு. நடுவுல ரிலே ஒண்ணு இருக்கு. எஞ்சின் ஓடினாத்தான் கேரவனுக்குக் கரண்ட் போகும். எஞ்சின் நின்னா அது கட் பண்ணிடும். இல்லன்னா ஃபிரிட்ஜு பேட்டரிய உறிஞ்சிடும், காலைல வண்டி ஸ்டார்ட் ஆகாது.”

“கட் பண்ணிடும்னு யாரு சொன்னா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“நாந்தாங்க சொல்றேன்.”

“நீங்க சொல்லுவீங்க.”

வீரமலை சிரித்துக்கொண்டார். டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தார். போட்டால் பச்சையாக ஒரு விளக்கு எரியும். பொலிரோவின் பின்பக்கம் மூடி போட்ட ஒரு சாக்கெட். கேரவனிலிருந்து வரும் கேபிளின் முனையில் ஏழு முள் உள்ள தடித்த பிளக். பிளக்கை அதில் சொருகித் திருகிவிட்டால் போதும். கேரவன் வீட்டில் நிற்கும்போது வீட்டுக் கரண்டிலேயே ஃபிரிட்ஜ் ஓடும்.

“வழியில நிறுத்தினா?” என்று நான் கேட்டேன்.

“கதவத் திறக்காம இருந்தீங்கன்னா ரெண்டு மூணு மணி நேரம் குளிர் தாங்கும்மா. தாராளமா சாப்ட்டுட்டு வரலாம்.”

பால்பண்ணையிலிருந்து ஸ்ரீரங்கம் வரும் வரைக்கும் ஓடியது. வீட்டில் இறங்கிக் கதவைத் திறந்தால் ஜில்லென்று காற்று. நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறது என்று மறுநாள் பூஜையில் கேரவனையும் சேர்த்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டு ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தால் எதுவும் தப்பாது. அரிவாள்மணை, மிக்ஸி, தையல் மிஷின், கேஸ் சிலிண்டர், டிவி ரிமோட் எல்லாவற்றுக்கும் சந்தனம் தொட்டு மேலே குங்குமம். பிரேமலதாவின் ஊன்றுகோலுக்குக்கூட வைத்தார். அன்றைக்குக் கேரவனைச் சுற்றிச் சுற்றி வந்து சக்கரம், கொக்கி, கதவு, கட்டில் கால் என்று வைத்து முடித்தபோது கிண்ணம் காலி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணப்பாறையில் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அதையே பரீட்சையாக வைத்துக்கொண்டோம். பிரேமலதா வரவில்லை. ஊசியை வைத்துப் பரீட்சை பண்ண முடியாது. மாப்பிள்ளை தெர்மாமீட்டர் வாங்கித் தொங்கவிட்டார். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. காலையில் அரைத்த இட்லி மாவை ஒரு தூக்குவாளியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். குளிர் இருந்தால் மாவு அப்படியே இருக்கும், இல்லாவிட்டால் காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டிக்கொடுத்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து திறந்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு தட்டெல்லாம் வழிந்து கிடந்தது.

“சுவிட்ச போட்டீங்களா மாப்ள?” இவர் மெதுவாகத்தான் கேட்டார்.

“போட்டேன் மாமா. பச்ச விளக்கு எரிஞ்சுதே.”

“நான் பாக்கலியே.”

“நீங்க தூங்கிட்டு வந்தீங்க மாமா.”

“அதத்தான் சொல்றேன். நான் தூங்கிட்டேன்.”

மாப்பிள்ளை முகம் சிவந்துவிட்டது. நான் மாவைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். ராத்திரி இவர் மாடியில் என்னிடம் சொன்னார்: “பால்பண்ணைலேர்ந்து வரும்போது ஓடிச்சா இல்லியா? ஓடிச்சு. இப்ப ஓடல. அப்ப நடுவுல யாரோ கை வச்சிருக்காங்க அனுசுயா. கை வைக்காம ஒண்ணு கெடாது.”

“யாருங்க கை வைப்பா? மனையில அது பாட்டுக்கு நின்னுச்சு.”

“அதான் தெரியணும்.”

அடுத்த பரீட்சை லால்குடிக்கு. அங்கே போய் ஒரு சுற்றுச் சுற்றி, அன்பில் வழியாகக் கொள்ளிடக் கரையோரமே வெயிலில் அலைந்துவிட்டு வந்தோம். இவர் முன்சீட்டில் உட்கார்ந்து, சாலையைப் பார்க்காமல் அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை கியர் மாற்றக் கையை எடுத்தால் இவர் கண்ணும் கூடவே போனது. வண்டி எங்கே நின்றாலும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பது இவர் வேலை. டீசல் வீணாகக்கூடாது. டீ குடிக்க நிறுத்தினோம், அணைத்தார். இளநீர், அணைத்தார். அணைத்துவிட்டு இறங்கிப் பின்பக்கமாகப் போய் கேரவனைச் சுற்றி வந்தார்.

“சந்தன வாசம் வருது பாத்தியா?” என்றார் என்னிடம். “போன வாட்டியும் வந்துச்சு. பெருமாள் கூடவே வராரு.”

எனக்கும் வந்தது. ஆனால் இவர் நெற்றியில் தினமும் சந்தனம் உண்டு. அதுதான் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து திறந்தால், வைத்திருந்த வெண்ணெய் உருண்டை எண்ணெயாக ஓடியிருந்தது.

விளக்கு வழி முழுக்க எரிந்ததை இவரே கண்ணால் பார்த்துவிட்டதால் மாப்பிள்ளையைச் சொல்ல முடியவில்லை. சந்தேகம் வீரமலை மேல் ஏறியது. அன்றைக்கே போன் போட்டு வரச் சொன்னார். அவர் வருவதற்குள் இவர் பொலிரோவுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்து, வயரின் உறையைப் பேனாக்கத்தியால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், என்ன பண்றீங்க?” வீரமலை பதறிப்போனார்.

“உள்ள செம்பா, அலுமினியமான்னு பாக்குறேன்.”

“செம்புதாங்க. கேட்டிருந்தா துண்டே குடுத்திருப்பேனே.”

“துண்டு செம்பா குடுப்பீங்க.”

வீரமலை எஞ்சினைப் போடச் சொல்லி, பொலிரோவின் சாக்கெட்டில் மீட்டரை வைத்துக் காட்டினார். பதினாலு வோல்ட் வந்தது. கேரவனை வீட்டுக் கரண்டில் போட்டுக் காட்டினார். ஃபிரிட்ஜ் நன்றாக ஓடியது.

“வண்டியும் சரி, ஃபிரிட்ஜும் சரி. அப்புறம் ஏன் ஓடல?” என்றார் இவர்.

“அதாங்க புரியல. ரெண்டு நாள் எங்கிட்ட விடுங்க.”

“ரெண்டு நாள்ல என்னத்த மாத்துவீங்க? மீட்டரும் உங்களோடதுதான்.”

வீரமலை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “எந்தக் கடையிலயாச்சும் மீட்டர் வாங்கி நீங்களே வச்சுப் பாருங்க சார். எங்கிட்ட வயரிங் பண்ணுன வண்டி காஷ்மீர் வரைக்கும் போயிட்டு வந்திருக்கு. யாரும் பாய் போட்டுப் படுத்துப் பாத்ததில்ல.” பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எனக்கும் ஒரு சந்தேகம் தொற்றிக்கொண்டது. மாப்பிள்ளை போன் வந்தால் காலி மனைக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார். துணி காயப்போடப் போனபோது காதில் விழுந்தது. “நீங்க எடுத்து வச்சுக்குவீங்கல்ல... ஒரு ராத்திரிதாங்க... வீட்ல தெரிய வேணாம்.” என்னைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். கேரவனை யாருக்காவது விற்கப் போகிறாரா, வாடகைக்கு விடப் போகிறாரா, அதற்காகத்தான் டூரைக் கெடுக்கிறாரா என்று மனது எங்கெங்கோ போனது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே கேரவனின் சக்கரத்தைக் கழற்றி மாடியில் வைத்துவிடுவார்.

கார்த்திகை பிறந்ததும் இவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “போதும். ரெண்டு வாட்டி பாத்தாச்சு. லீவ கேன்சல் பண்ணச் சொல்லு.”

பிரேமலதா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பூனைக் கீழே வைத்தாள். விரல் மடங்காத நாளில் அவள் ஸ்பூனில்தான் சாப்பிடுவாள்.

“மூணாவது வாட்டி நான் வரேன்.”

“நீ எதுக்கும்மா?”

“போறது நான். கெட்டா கெடப்போறது என்னோட ஊசி. ஆனா இதுவரைக்கும் வண்டில அந்த ஃபிரிட்ஜு ஓடி ஒரு நாள் நான் பாக்கல. நீங்கதான் பாத்தீங்க, சண்ட போட்டீங்க. நான் வந்து பாக்குறேன். அப்பவும் சரியில்லன்னா நானே வேணாம்னு சொல்லிடறேன்.”

அவள் அப்பா எழுந்து காலண்டரில் நாள் பார்க்கப் போனார்.

துறையூர்ப் பக்கம் பச்சைமலை அடிவாரம் வரை போய்வருவதென்று கிளம்பினோம். நான் தண்ணீர் பாட்டில்களை ஃபிரிட்ஜில் அடுக்கினேன். மாப்பிள்ளை பிளக்கைச் சொருகித் திருகினார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மண்ணச்சநல்லூர் தாண்டியபோது மாப்பிள்ளையின் போன் வண்டியின் ஸ்பீக்கரிலேயே அடித்தது. கைபட்டு எடுத்தும்விட்டது.

“சார், வேதாரண்யம் மெடிக்கல்லேர்ந்து பேசுறேன். ஓனர்கிட்ட கேட்டுட்டேன். உங்க மிஸஸ் ஊசிய ஒரு ராத்திரி எங்க கடை ஃபிரிட்ஜுல வச்சுக்கலாம்னு சொல்லிட்டாரு. வர்ற அன்னிக்கி ஒரு போன் மட்டும் போடுங்க.”

“சரிங்க, தேங்க்ஸ்ங்க,” என்று மாப்பிள்ளை வைத்துவிட்டார்.

பிரேமலதா அவரையே பார்த்தாள். “எத்தன ஊர்ல இப்படிக் கேட்டு வச்சிருக்கீங்க?”

“வழியில வர்ற ஊர்ல எல்லாம்தான். தூத்துக்குடி மட்டும் இன்னும் கெடைக்கல.”

“எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“உங்கிட்ட சொன்னா அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிஞ்சா மாமாவுக்குத் தெரியும். ஃபிரிட்ஜு மேல இவனுக்கே நம்பிக்கையில்லன்னு சொல்லி மொத்தமா நிறுத்திடுவாரு.”

“நிறுத்தித்தான் இருப்பேன்,” என்றார் இவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. நான் என் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

மலை நீலமாகத் தெரிய ஆரம்பித்த இடத்தில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். இவர் கை பழக்கத்தில் சாவிக்குப் போனது.

“தொடாதீங்கப்பா,” என்றாள் பிரேமலதா.

“டீசலு...”

“எஞ்சின் ஓடினாத்தான் ஃபிரிட்ஜு ஓடும். ரெண்டு வாட்டியும் நிறுத்திட்டு, அணைச்சிட்டு, அப்புறம் போய்ப் பாத்திருக்கீங்க. அணைச்சப்புறம் அதுல என்ன தெரியும்? எல்லாமே அணைஞ்சுதான் இருக்கும்.”

ஊன்றுகோலை ஊன்றி இறங்கினாள். கேரவன் படியில் ஏற நான் கை கொடுத்தேன். உள்ளே ஃபிரிட்ஜ் ‘உம்’ என்று முனகத் தொடங்கும், உடனே நின்றுவிடும். மறுபடி முனகும், நிற்கும். அதன் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

“கரண்ட் பத்தலன்னா இப்படிச் சிமிட்டும்,” என்றார். “ஆனா அங்க பதினாலு வோல்ட் வருதே.”

“அங்க வருது, இங்க வரல. அப்ப நடுவுல எங்கியோ நிக்குது,” என்று சொல்லிவிட்டுப் பிரேமலதா இறங்கினாள். கேரவனிலிருந்து கேபிளைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தாள். அந்த விரல்களுக்கு மடங்கத்தான் தெரியாது. சூடு குளிர் நம்மைவிட நன்றாகத் தெரியும், வலிக்கு ஒத்தடம் கொடுத்துக் கொடுத்துப் பழகியவை. பிளக்குக்கு வந்ததும் கையை வெடுக்கென்று எடுத்தாள்.

“சுடுது.”

மாப்பிள்ளை தொட்டுப் பார்த்தார். நான் குனிந்தேன். குப்பென்று சந்தன வாசம்.

“பாத்தியா, நான் சொல்லல?” என்றார் இவர் பின்னாலிருந்து. “வண்டி நின்னாலே வருது.”

பிரேமலதா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் நெற்றியைப் பார்த்தாள். அப்புறம் எஞ்சினை அணைக்கச் சொன்னாள். இந்த முறை அணைத்தது மாப்பிள்ளை. அவர் பிளக்கைத் திருகி இழுத்ததும் அதை எங்கள் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினாள். ஏழு முள்ளின் இடுக்கிலும் வெளுத்த மஞ்சளாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. நடுவில் இரண்டு முள் கருகியிருந்தன.

“இது கம்பெனிலேர்ந்து வந்த க்ரீஸ்னு நெனச்சேன்,” என்றார் மாப்பிள்ளை. “அதான் துடைக்கல.”

“அப்பா, ஆயுத பூஜ அன்னிக்கி இதுக்குப் பொட்டு வச்சீங்களா?”

“எல்லாத்துக்கும்தான் வச்சேன்.”

“இதுல எங்க வச்சீங்க?”

இவர் குனிந்து அந்தப் பிளக்கைப் பார்த்தார்.

“முகத்துலதான். பொட்ட வேற எங்க வைப்பாங்க?”

நான் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை வேறு பக்கம் திரும்பி மலையைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது.

“கை வைக்காம கெடாதுன்னு சொன்னீங்கல்ல?” என்றேன். “சரியாத்தான் சொல்லியிருக்கீங்க.”

“நீ சும்மா இரு.”

என் கொண்டை ஊசியை உருவிக்கொடுத்தேன். மாப்பிள்ளை ஒவ்வொரு முள்ளாகச் சுரண்டினார். சாக்கெட் துளைக்குள்ளும் அந்தச் சந்தனம் போயிருந்தது. அதையும் நோண்டி எடுத்துத் துணியால் துடைத்தார். கருகிய முள்ளைப் பேனாக்கத்தியால் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தது இவர்தான். வயரைக் கீறிய அதே பேனாக்கத்தி.

மறுபடி சொருகி எஞ்சினைப் போட்டதும் பிரேமலதா கேரவனுக்குள் போனாள். நாங்கள் வெளியே நின்றோம். ‘உம்’ என்று முனகல் கேட்டது. நிற்கும் என்று காத்திருந்தோம். நிற்கவில்லை.

அடிவாரம் வரை போய், அங்கே மரவள்ளிக்கிழங்கு வாங்கி, வெயிலிலேயே திரும்பி வந்தோம். வீட்டில் பாட்டிலை எடுத்தால் உள்ளங்கை விறைத்தது. இவர் ஒரு பாட்டிலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தெர்மாமீட்டரைப் பார்த்தார். பிறகு மறுபடி கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“போனப் போடுங்கப்பா,” என்றாள் பிரேமலதா.

“யாருக்கு?”

“உங்களுக்கே தெரியும்.”

போட்டார். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள். வீரமலையின் குரல் விறைப்பாக வந்தது. “சொல்லுங்க சார்.”

“வயரு நல்ல வயருதான்.”

“தெரியுங்க. அதச் சொல்லவா கூப்ட்டீங்க?”

“ஆமா. சொல்லணும்னு தோணுச்சு.”

“முழுசா சொல்லுங்கப்பா,” என்றாள் பிரேமலதா.

இவர் தொண்டையைச் செருமினார். பிளக், சந்தனம், முகம் எல்லாவற்றையும் ஆடிட் ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரி ஒப்பித்தார். அந்தப் பக்கம் வீரமலை மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

“காஞ்ச சந்தனம் கரண்ட விடாதுங்க, அதான் சுட்டிருக்கு. நானும் பிளக்கப் பிரிச்சுப் பாத்திருக்கணும் சார், கோவத்துல போயிட்டேன். அத அப்படியே விடாதீங்க, கருகுன பிளக்கு மறுபடி சுடும். வண்டிய எடுத்துட்டு வாங்க, புதுசு மாட்டிடுவோம். நீங்க கீறுன எடத்துக்கும் டேப்பு சுத்தணும்.”

தை பிறந்து அவர்கள் கிளம்பும் காலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் இருந்தார். ஊசிகள் ஃபிரிட்ஜில் இருந்தன. இவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பிரேமலதா முன்சீட்டிலிருந்து இறங்கி, மெதுவாக நடந்து பின்பக்கம் போய், சொருகியிருந்த பிளக்குக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“எங்க வைக்கட்டும்?” என்று கேட்டார். எந்தப் பொருளுக்கும் அவர் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

“இங்க,” என்று தன் நெற்றியைக் காட்டினாள்.

வைத்தார். அவள் ஏறி உட்கார்ந்ததும் கதவைச் சாத்தினார். வண்டி நகர்ந்ததும் கூடவே நாலடி நடந்து ஜன்னலைத் தட்டினார்.

“மாப்ள, வழியில டீ குடிக்க நிறுத்தினா எஞ்சின அணைக்காதீங்க. டீசல் போனா போவுது.”

அவர்கள் மேலூர் ரோட்டில் திரும்பி மறையும் வரைக்கும் இவர் மகளுக்குக் கை காட்டவில்லை. பொலிரோவுக்கும் கேரவனுக்கும் நடுவே ஆடிக்கொண்டு போகிற அந்தக் கேபிளையே பார்த்துக்கொண்டு நின்றார்.